ஏழாம் கழியில் இடுப்பளவு தண்ணீர்

786

பழவேற்காடு
5-7-1982

அன்புத் தங்கை சாமுண்டீஸ்வரிக்கு, அக்கா ஜைனம்பு எழுதுவது.

இங்கு அனைவரும் நலம். உன் நலமும் மாமியார் இருசம்மாள், பிள்ளை லட்சுமி இவர்கள் நலமும் அறிய ஆவல். பன்னிரண்டு நோன்பு முடிந்தது.

மூன்று வாரமாக நீ இறால் கூடையோடு என் வாசலுக்கு வரவில்லை. வேறொரு பெண் வருகிறாள். கேட்டால், "சாமுண்டி தோணிரேவு பக்கம் விக்கப் போவுதும்மா" என்று சொல்லிவிட்டுத் தராசைத் தூக்குகிறாள். நான் மாடிக்கு ஏறினால் ஏரிக்கு அந்தப் பக்கம் உன் பசியாவரம் தெரிகிறது. உன் தெருவில் காயும் துணியின் நிறம்கூடத் தெரிகிறது. அந்த ஊருக்குத் தபால் எழுத உட்கார்ந்திருக்கிறேன். தபால்காரர் சின்னப்பன் கேட்கப் போகிறார் பார், "இன்னாம்மா, கூப்டா கேக்குற ஊருக்கு ஸ்டாம்பா?" என்று.

விஷயம் நம் கதை 'உவர்நாடு'. இரண்டாம் பாகம் பதினெட்டு அத்தியாயத்தோடு நிற்கிறது. பத்தொன்பது உன் சீட்டு. இருபது, அதாவது கடைசி, என் சீட்டு. நீதானே முதல் நாள் என் வாசலில் கூடையை இறக்கி வைத்துச் சொன்னாய்: "எங்கூர்ல ஏரிய பாடு பாடா பிரிச்சி, எந்த நாள் யாரு எங்க வல போடறதுனு சீட்டு எடுப்பாங்கக்கா. ஒருத்தர் பாடு அன்னிக்கி இன்னொருத்தர் வல தண்ணில எறங்காது. கதைய ரெண்டு பேர் எழுதணும்னா அப்டித்தான் எழுதணும், இல்லனா ரெண்டே நாள்ல மயிரப் புடிச்சிக்குவோம்." அன்றிலிருந்து சீட்டுதான் நமக்குச் சட்டம். அதனால்தான் உன் அத்தியாயம் வராமல் என் பேனா காய்ந்து கிடக்கிறது.

வாசகர்கள் வேறு. கும்மிடிப்பூண்டியிலிருந்து ஒருவர், அச்சகத்தில் ஓடின வரைக்கும் வாங்கிப் படித்துவிட்டு எழுதுகிறார்: "முதல் பாகத்தில் கோட்டை விழுந்தது. மூன்றாம் பாகத்தில் எப்படியும் மீட்கப் போகிறீர்கள். நடுவில் எதற்கு இத்தனை பேரைக் கால் வலிக்க நடக்க விடுகிறீர்கள்?" எனக்குக் கோபம் வந்தது. பிறகு கணக்கு நோட்டைப் பார்த்தேன். உண்மைதான். பன்னிரண்டு அத்தியாயமாக நடக்கிறார்கள்.

நோட்டின்படி இன்றைய நிலவரம்: உயிரோடு இருப்போர் பதினொருவர். படகு இரண்டு, ஒன்றில் ஓட்டை. துடுப்பு ஐந்து. காயம்பட்டோர் மூவர், அதில் பூநாரைப் படைத் தலைவனுக்கு நீ இடது காலிலும் நான் வலது காலிலும் காயம் போட்டிருக்கிறோம். அதைப் பிறகு பார்ப்போம். கருஞ்சேற்று அரசன் ஊராருடைய நிழல்களைப் பறித்துக்கொண்டு போய்விட்டான். அவற்றை மீட்கப் போகிற படகோட்டி ஓதன், பத்தொன்பதில் ஏரியின் ஏழாம் கழியில் மூழ்க வேண்டும். அப்போதுதான் மூன்றாம் பாகத்தில் அவன் மனைவி அலரி தண்ணீருக்கடியில் அவனைத் தேடிப் போவாள். முதல் பாகம் எழுதும்போதே இருவரும் பேசி முடித்தது இது.

கடைசி அத்தியாயம் எனக்கு விழுந்தது இறைவன் செயல். நான்கு வருடமாக அடுப்படியில் அதைத்தான் மனதுக்குள் எழுதிக்கொண்டிருக்கிறேன். சீக்கிரம் மூழ்கடித்து அனுப்பு.

உன் அக்கா
ஜைனம்பு


எல்லையம்மன் துணை

பசியாவரம்
14-7-1982

ஜைனம்பு அக்காவுக்கு சாமுண்டி வணக்கம்.

கடிதம் கிடைத்தது. சின்னப்பன் நீங்கள் எழுதியபடியேதான் கேட்டாராம். தோணியில் வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்திருக்கிறார்.

இந்த வருடம் எங்கள் பக்கம் இறால் அவ்வளவாக இல்லை. அதனால் தோணிரேவு போய் வாங்கி, அங்கேயே விற்றுவிட்டு வருகிறேன். வீடு வந்து சேரும்போது விரல் மடங்குவதில்லை. பேனா பிடிக்க வரவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று கேட்கிறேன், திட்டாதீர்கள். ஓதன் மூழ்கித்தான் ஆகவேண்டுமா? விஷ ஜுரம் வந்து ஏதாவது தீவில் படுத்துவிட்டால் ஆகாதா? இல்லை, கருஞ்சேற்று அரசனின் ஆட்கள் பிடித்துக்கொண்டு போகட்டும். ஆள் காணோம் என்றால் போதாதா? தேடுகிறவள் அப்போதும் தேடத்தானே போகிறாள்.

எங்கள் வீட்டுக்காரர் மாசி மாதம் விசாகப்பட்டினத்துக்கு மீன்பிடி லாஞ்சு வேலைக்குப் போனாரே, அங்கேதான் இருக்கிறார். லட்சுமி நான்காவது போகிறாள். மாமி சௌக்கியம்.

பூநாரைத் தலைவனுக்கு இடது கால்தான். நான் எழுதும்போது பார்த்துத்தான் எழுதினேன்.

சாமுண்டீஸ்வரி


786

பழவேற்காடு
6-8-1982

அன்புத் தங்கைக்கு,

பெருநாள் முடிந்து பதினைந்து நாளாகிறது. உன் பங்கு சேமியாவை எடுத்து வைத்திருந்தேன். எறும்பு வந்ததால் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன்.

விஷ ஜுரம் ஆகாது. யோசித்துப் பார். முதல் பாகத்தில் ஐந்து பேருக்கு ஜுரம் வந்து ஐந்து பேரும் பிழைத்திருக்கிறார்கள். நோட்டில் இருக்கிறது. ஆறாவதாக ஒருவனுக்கு ஜுரம் என்றால் யார் பதறுவார்கள்? பிடித்துக்கொண்டு போவதும் ஆகாது. அரசனின் ஆட்கள் ஏழாம் கழிக்கு இந்தப் பக்கம் வர முடியாது என்று எட்டாம் அத்தியாயத்தில் எழுதியது நீ. உன் கையெழுத்தில் என்னிடம் இருக்கிறது.

நேற்று பொன்னேரியிலிருந்து அச்சகத்து ஞானதாஸ் வந்தார். என் வீட்டுக்காரரோடு தின்பண்டம் சாப்பிட்டுக்கொண்டு, எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கப் பேசினார். "பாய், புரட்டாசி பொறந்தா எனக்குக் காலண்டர் வேல. அப்பறம் பொங்கல் வாழ்த்து. அப்பறம் கல்யாணப் பத்திரிக. அதுக்குள்ள ரெண்டு அத்தியாயமும் வரலனா, அச்சடிச்ச ஃபாரத்தையெல்லாம் பொட்டலம் மடிக்கக் குடுத்துட வேண்டியதுதான்." என் வீட்டுக்காரரும் சிரித்தார். "இன்னா ஜைனம்பு, உன் ஓதன் இன்னும் கர சேரலயா?" என்றார்.

சாமுண்டி, நான் பள்ளிக்கூடம் போனவளில்லை. நீ ஐந்தாவது முடித்தவள். உனக்கு இது ஒரு கதை. எனக்கு, நான் படித்தேன் என்பதற்கு இந்த ஒரு புத்தகம்தான் அத்தாட்சி. முதல் பாகத்தோடு நின்றுபோனால் அது பாதி கட்டிய சுவர். ஆடுதான் படுக்கும்.

முப்பது நாள் பொறுக்கிறேன்.

ஜைனம்பு


எல்லையம்மன் துணை

பசியாவரம்
17-8-1982

அக்காவுக்கு,

நான் எழுதப்போவதில்லை. இப்போது முடியாது. காரணம் கேட்காதீர்கள்.

பத்தொன்பது என் பாடு. வலை போட்டாலும் என் பாடு, போடாமல் கரையில் உட்கார்ந்திருந்தாலும் என் பாடு. எங்கள் ஊரில் ஒருவருக்கு உடம்பு முடியவில்லை என்றால் அந்த இடம் அன்று சும்மா கிடக்கும். மீன் துள்ளும். எல்லோரும் பார்த்துக்கொண்டுதான் இருப்பார்கள். ஒருவரும் இறங்க மாட்டார்கள்.

ஞானதாஸிடம் பொங்கலுக்கு மேல் என்று சொல்லுங்கள்.

சாமுண்டீஸ்வரி


786

பழவேற்காடு
8-9-1982

சாமுண்டிக்கு,

எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் மூன்று தாளைக் கிழித்துவிட்டேன்.

பத்தொன்பதை நானே எழுதிவிட்டேன். ஞானதாஸிடம் கொடுத்தும் விட்டேன். முப்பது நாள் சொன்னேன், முப்பது நாள் பொறுத்தேன், முப்பத்தோராம் நாள் மதியம் லுஹர் தொழுதுவிட்டு உட்கார்ந்தேன். அஸருக்குப் பாங்கு சொல்வதற்குள் முடிந்துவிட்டது. அவ்வளவு வேகமாக நான் எதையும் எழுதியதில்லை. நன்றாக வந்திருக்கிறது. ஓதன் படகு கவிழ்ந்து ஏழாம் கழியின் ஆழத்துக்குப் போகிறான். கையில் பிடித்த துடுப்பை விடாமல் போகிறான். எழுதும்போது அழுதேன்.

நீ எழுதினால் எப்படி எழுதுவாயோ அப்படியேதான் எழுதியிருக்கிறேன். உன் மாதிரி குட்டி குட்டி வாக்கியமாகப் போட்டிருக்கிறேன். படிக்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது.

செய்தது தப்பா என்று கேட்டால் தப்பு என்றுதான் மனது சொல்கிறது. ஆனால் புத்தகம் பொட்டலத்தாளாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கச் சொல்கிறாயா? நீ காரணம் சொல்லியிருந்தால் பொறுத்திருப்பேன். நீ கேட்காதே என்றாய். கேட்கவில்லை.

அச்சான தாளை வழக்கம்போல உனக்கும் ஒரு பிரதி அனுப்புவார்.

ஜைனம்பு


பசியாவரம்
22-9-1982

ஜைனம்புக்கு,

அச்சுத்தாள் வந்தது. என்ன நடந்தது என்று சொல்கிறேன், உட்கார்ந்து படி.

நான் வீட்டில் இல்லை. தோணிரேவில் இருந்தேன். தாள் வந்தால் லட்சுமிதான் தெருப் பெண்களைக் கூட்டி வைத்துக்கொண்டு படித்துக் காட்டுவாள், அது உனக்குத் தெரியும். முதல் பாகத்திலிருந்து அப்படித்தான். எந்த அத்தியாயம் யார் பாடு என்பது எங்கள் தெருவுக்கே மனப்பாடம். பத்தொன்பது சாமுண்டியுடையது என்று பல் முளைக்காத பிள்ளைக்கும் தெரியும்.

படிக்கப் படிக்க மாமி எழுந்து நின்றுவிட்டாராம். படகோட்டி தண்ணீருக்குள் போகிறான் என்றதும் மார்பில் அறைந்துகொண்டு, "என் மவன் பூட்டான்டி! அவளுக்குச் சேதி வந்துருக்குது. வாயால சொல்ல முடியாம கதையில எழுதிக் குட்த்துருக்கா!" என்று அலறியிருக்கிறார். ஒரு தெருவே கூடி ஒப்பாரி வைத்தது. லட்சுமி தாளைக் கையில் வைத்துக்கொண்டு நடுவில் நின்றாள். ஒன்பது வயதுப் பிள்ளை. அவள் அப்பா செத்ததை அவளே படித்திருக்கிறாள்.

கேட்காதே என்று சொன்ன காரணத்தை இப்போது கேள். சித்திரைக்குப் பிறகு அவரிடமிருந்து ஒரு சேதி இல்லை. கூடப் போன இரண்டு பேர் திரும்பி வந்தார்கள். "வேற லாஞ்சுக்கு மாறிட்டாரு" என்கிறார்கள், என் முகத்தைப் பார்க்காமல். ஐந்து மாதம். ஒரு படகோட்டியைத் தண்ணீருக்குள் அனுப்பு என்று நீ தபால் மேல் தபால் போட்டாய். என் கை எழுதினால் அங்கே நடந்துவிடும் என்று பயந்தேன். பைத்தியக்காரத்தனம் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் எழுதவில்லை.

ஒப்பாரி எப்படி நின்றது தெரியுமா? இறால் வாங்க வந்த மேரிதான் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் லட்சுமியைத் திரும்பப் படிக்கச் சொன்னாளாம். "எந்தக் கழி? ஏழாங்கழியா? அது இந்தா, நம்மூருக்கும் பழவேற்காட்டுக்கும் நடுவுல கெடக்கறது தானே? ஆடி மாசத்துல அங்க இடுப்புத் தண்ணிகூட இல்ல. அதுல ஆளு முழுவுவானா? ஏய், இத எழுதினது சாமுண்டி இல்ல. இத எழுதினவங்களுக்கு ஏரியே தெரியாது!"

எல்லோரும் தண்ணீரைப் பார்த்தார்கள். பிறகு சிரித்தார்கள். மாமி மட்டும் சிரிக்கவில்லை.

நீ அவனை மூழ்கடித்த இடத்தில் என் பொண்ணு நின்றுகொண்டு கையால் இறால் தடவிப் பிடிக்கும். தினமும் மாடியிலிருந்து பார்க்கிறாயே, என்ன பார்த்தாய்?

அடுத்தவர் பாடு நாளில் வலை போட்டவனுக்கு எங்கள் ஊரில் தண்டம் உண்டு. அவனுடைய அடுத்த பாட்டைப் பிடுங்கி, யாரை ஏமாற்றினானோ அவருக்குக் கொடுத்துவிடுவார்கள். நம் ஊர்க் கூட்டம் இரண்டே பேர். நான் தீர்ப்புச் சொல்கிறேன். இருபதாம் அத்தியாயம் இனி உன்னுடையது இல்லை.

சாமுண்டீஸ்வரி


786

பழவேற்காடு
1-10-1982

தங்கை சாமுண்டிக்கு,

உன் கடிதம் பக்ரீதுக்கு முன்பே வந்தது. பெருநாளன்று எல்லோரும் புதுத் துணி உடுத்தி நின்றபோது எனக்கு அந்தப் பிள்ளை கையில் தாளோடு நிற்பதுதான் தெரிந்தது. நெய்ச்சோற்றை மூடி வைத்துவிட்டேன்.

நான் ஐந்து வேளை தொழுகிறவள். என் ரப்பான இறைவனுக்குச் செய்த குறையை அவனிடம் கேட்டு மன்னிப்புப் பெறலாம். ஆனால் ஒரு மனுஷிக்குச் செய்த அநியாயத்தை அந்த மனுஷிதான் மன்னிக்க வேண்டும், அவன் குறுக்கே வரமாட்டான் என்று சின்ன வயதில் ஓதிக்கொடுத்திருக்கிறார்கள். அதனால் தொழுகையில் அழுது எனக்குப் பிரயோசனமில்லை. உன்னிடம்தான் கேட்க வேண்டும். இருசம்மாளிடமும் லட்சுமியிடமும் கேட்க வேண்டும். கேட்கிறேன்.

தண்டத்தை ஏற்றுக்கொள்கிறேன். பொய் சொல்லக் கூடாது, முதலில் ஏற்கவில்லை. இரண்டு நாள் உன்மேல் கோபமாக இருந்தேன். எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள், இருபதை எடுக்காதே என்று ஒரு கடிதம் எழுதினேன். அதை அடுப்பில் போட்டேன். பிறகு இதை எழுதுகிறேன்.

இருபதுக்கு நான் எழுதி வைத்திருந்த நகல் இதோடு வருகிறது. பதினாறு பக்கம். என்னிடம் இருந்தால் கை துறுதுறு என்றிருக்கும். நீ படி, கிழி, அடுப்பெரி. எனக்குத் திருப்பி அனுப்பாதே.

ஏரியைப் பற்றி நீ சொன்னதும் மெய். மாடியிலிருந்து பார்த்தால் நீலமாக, அடி தெரியாத மாதிரி இருக்கிறது. உயரத்திலிருந்து பார்க்கிறவளுக்கு எல்லாத் தண்ணீரும் ஆழம்தான் போல. இருபதுக்கு மட்டும் காலண்டர் வேலைக்கு நடுவில் காத்திருக்கச் சம்மதித்த ஞானதாஸ், பத்தொன்பது அச்சாகி, கோத்த எழுத்தையும் கலைத்தாயிற்று, மாற்ற முடியாது என்கிறார். ஆகவே 'உவர்நாடு' எழுதிய இரண்டு பேரில் ஒருத்திக்கு ஏரி தெரியாது என்பது ஆயிரம் பிரதியிலும் இருக்கும். இருக்கட்டும்.

இவரிடம் உன் வீட்டுக்காரர் பொன்னுரங்கத்தைப் பற்றிச் சொன்னேன். அன்று கிண்டல் பண்ணினவர் உடனே சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். இறால் லாரி விசாகப்பட்டினம் வரை போகிறது. மூன்று டிரைவர்களிடம் பேரும் அடையாளமும் சொல்லி அனுப்பியிருக்கிறார். புருவத்தில் ஒரு தழும்பு என்று நீ எப்போதோ சொன்னதை நான்தான் ஞாபகம் வைத்துச் சொன்னேன். வலது புருவமா இடது புருவமா என்று உடனே எழுது. இதில் நாம் தப்புப் பண்ணக் கூடாது.

ஜைனம்பு


எல்லையம்மன் துணை

பசியாவரம்
19-10-1982

அக்காவுக்கு,

இடது புருவம். ஏற்கனவே சின்னப்பனிடம் வாய்மொழியாகச் சொல்லி அனுப்பினேன்.

உங்கள் பதினாறு பக்கத்தையும் படித்தேன். கோபத்தோடுதான் ஆரம்பித்தேன். நாலாம் பக்கத்தில் கோபம் போய்விட்டது, ஆறாம் பக்கத்தில் பொறாமை வந்துவிட்டது. அலரி கரையில் நாற்பது நாள் அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள், அவள் நிழல் மட்டும் தண்ணீருக்குள் இறங்கித் தேடுகிறது என்று எழுதியிருந்தீர்களே, அதைப் போல என்னால் எழுத முடியாது. மாமிக்கும் படித்துக் காட்டினேன். கேட்டுவிட்டுச் சொன்னார்: "நல்லாத்தான் கீது. நாப்பது நாளு சோத்துக்கு இன்னா பண்ணா?"

அந்தக் கேள்விதான் என்னைப் பிடித்துக்கொண்டது. நாற்பது நாள் உட்கார்ந்திருக்க யாருக்கு முடியும்? நான் ஐந்து மாதம் கூடை தூக்கியிருக்கிறேன். காத்திருக்கிறேன் என்று எல்லோரும் சொல்கிறார்கள், நான் ஒருநாள்கூட உட்கார்ந்து காத்திருக்கவில்லை.

ஆகவே இருபதை எழுதிவிட்டேன். இதோடு வருகிறது. சின்ன அத்தியாயம், ஏழு பக்கம்தான். உங்கள் பதினாறிலிருந்து ஒரு வரியும் எடுக்கவில்லை, எடுத்தால் நானும் உங்கள் வலையில் கை வைத்த மாதிரி. முடிவு மட்டும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், திறந்து பார்த்துத் திடுக்கிட வேண்டாம்:

"தண்ணீர் ஓதனை மூடியது. இனி அடி இல்லை என்று அவன் நினைத்தான். நினைத்தபடியே நெடுநேரம் கிடந்தான். பிறகு காலை ஊன்றினான். சேறு இருந்தது. எழுந்தான். தண்ணீர் அவன் இடுப்பில் நின்றது."

அவ்வளவுதான். அங்கே இரண்டாம் பாகம் முடிகிறது.

ஏரி தெரியாதவர் எழுதியது என்று யாரும் சொல்ல முடியாது பாருங்கள். மூழ்கியவனுக்குத்தான் ஆழம் தெரியவில்லை, எழுதியவருக்குத் தெரியும்.

நாளை மறுநாள் கிளம்புகிறேன். உங்கள் வீட்டுக்காரர் அனுப்பிய டிரைவர் ஒருவர் திரும்பி வந்து, துறைமுகத்தில் புருவத் தழும்போடு ஒரு தமிழாளைப் பார்த்ததாகவும், பேர் கேட்டதும் அந்த ஆள் எழுந்து போய்விட்டதாகவும் சொன்னாராம். எழுந்து போனாரா? அப்படியென்றால் அவர்தான். எளாவூர் செக்போஸ்ட்டில் மூட்டை தூக்கும் என் அண்ணன் சீனிவாசன் கூட வருகிறான். லட்சுமி மாமியோடு இருப்பாள். துறைமுகத்து வாசலில் நம் பக்கத்து ஆள் ஒருவர் டீக்கடை வைத்திருக்கிறாராம், விலாசம் பின்னால் எழுதியிருக்கிறேன்.

ரயிலில் இவ்வளவு தூரம் போனதில்லை. பயமாக இருக்கிறது.

சாமுண்டி


786

பழவேற்காடு
2-11-1982

தங்கைக்கு,

டீக்கடை விலாசத்துக்கு எழுதுகிறேன். போய்ச் சேர்ந்தாயா? அவரைக் கண்டாயா? ஒரு வரி போட்டால் போதும். தினமும் சின்னப்பனை வாசலில் நிறுத்தி வைக்கிறேன். அவர் தூரத்திலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

உன் இருபதை ஒரு எழுத்து மாற்றாமல் ஞானதாஸிடம் கொடுத்துவிட்டேன். அவர் நின்றபடியே படித்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார். "யம்மா, இன்னாமா இது? மூணாம் பாகம் முழுக்க அவனத் தேடணும்னு தானே சொன்னீங்க? அவன் பாட்டுக்கு எழுந்து நின்னுட்டானே!" என்றார். "ஆமாம், நின்றுவிட்டான்" என்றேன். "அப்பறம் மூணாம் பாகத்துல இன்னா இருக்குது?" என்றார். "அது எழுதினவளுக்குத் தெரியும்" என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்னேனே தவிர, எனக்குத் தெரியவில்லை சாமுண்டி. இரண்டு வாரமாகத் தூக்கம் பிடிக்கவில்லை. நோட்டில் மூன்றாம் பாகத்துக்கென்று நான் ஏற்றி வைத்த நாற்பத்தாறு குறிப்பும் வீணாகிவிட்டது. நீருக்கடியில் ஏழு வாசல், ஏழு காவலர், ஒவ்வொரு வாசலிலும் அலரி ஒவ்வொன்றை விட்டுக்கொடுக்க வேண்டும், எல்லாம் வீண். ஒரே பேனா கோட்டில் அடித்தேன். தண்டம் என்பது இதுதான் போலும் என்று அடித்தேன்.

புத்தகம் நவம்பர் கடைசியில் வரும். அட்டையில் உன் பெயர் முதலில் போடச் சொல்லியிருக்கிறேன்.

உன் வீட்டுக்குப் போய் வந்தேன். என் மகனைத் தோணி பிடிக்கச் சொன்னேன். இவர், "நீயா?" என்றார். இந்த ஊரில் பிறந்து நாற்பத்து மூன்று வருடம், நான் தோணியில் கால் வைத்தது அன்றுதான். நடுவழியில் ஓட்டுகிறவர் கோலை ஊன்றியபோது பார்த்தேன், கோல் பாதிகூட நனையவில்லை. அவரும் கதையைக் கேட்டிருப்பார் போலிருக்கிறது, என்னைப் பார்த்து வாய்க்குள் சிரித்தார்.

இருசம்மாள் கதவைத் திறந்துவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "நீதான் என் மவன முழுவ வெச்சவளா? உள்ள வா, வெய்யிலா கீது" என்றார். லட்சுமி பாட்டியின் முந்தானைக்குப் பின்னால் நின்றாள். வெளியே வரவில்லை, நானும் வற்புறுத்தவில்லை. இன்னொரு தடவை போவேன்.

இப்போது எனக்கு வேண்டியது இரண்டு. பொன்னுரங்கம் எப்படி இருக்கிறார்? முதலில் அதைச் சொல். பிறகு நேரமிருந்தால் சொல்: எழுந்து நின்றுவிட்டவனை வைத்துக்கொண்டு ஒரு பாகம் முழுக்க என்ன எழுதுவது? யாரைத் தேடுவது?

ஜைனம்பு


விசாகப்பட்டினம்
15-11-1982

அக்காவுக்கு,

கண்டுவிட்டேன். உயிரோடு இருக்கிறார்.

இதை முதல் வரியில் எழுத வேண்டும் என்றுதான் இத்தனை நாள் எழுதாமல் இருந்தேன். அண்ணன் ஊர் திரும்பும்போது மாமியிடம் மட்டும் சொல்லச் சொன்னேன். ஆள் கிடைத்த பிறகும் கிடைத்தார் என்று எழுத எனக்குத் துணிச்சல் வரவில்லை.

சித்திரையில் லாஞ்சில் வலை இழுக்கும்போது இரும்புக் கயிறு வலது காலில் சுற்றி இழுத்துவிட்டது. எலும்பு இரண்டு இடத்தில் போயிருக்கிறது. மூன்று மாதம் ஆஸ்பத்திரி. கால் சேர்ந்துவிட்டது, ஆனால் நாலு விரல் அளவு குட்டை. முழங்கால் மடங்கவில்லை. இப்போது துறைமுகத்துக் கொட்டகையில் உட்கார்ந்து அடுத்தவர் வலைக்குக் கண்ணி போடுகிறார். கூடப் போனவர்களிடம் தலையில் அடித்துச் சத்தியம் வாங்கியிருக்கிறார், ஊரில் சொல்லக் கூடாது என்று.

என்னைப் பார்த்ததும் எழுந்து போகப் பார்த்தார். ஊன்றுகோல் கைக்கு எட்டவில்லை. அதனால்தான் மாட்டினார். "நீ இன்னாத்துக்குடி இம்மாந் தூரம் வந்தே?" என்றார். "சேதி வரல, அதான் நானே சேதி எடுத்துக்குனு வந்தேன்" என்றேன். "நொண்டிக்காலோட ஊருக்கு வந்தா பாடு சீட்டுல பேர் போடுவானுங்களா? தண்ணில எறங்க முடியாதவன ஊரு எந்தக் கணக்குல வெக்கும்? ரெண்டு காலோட போனேன், அப்டியே போனவனா இருந்துட்டுப் போறேன்" என்றார். நான் திட்டினேன். அழுதேன். திரும்பத் திட்டினேன். அசையவில்லை.

அக்கா, நான் சண்டை போட வந்தேன். தேட வந்தேன். பிணத்தைப் பார்க்கவும் தயாராகத்தான் வந்தேன். ஆள் இருந்து, வரமாட்டேன் என்று சொன்னால் என்ன செய்வது என்று யோசித்து வரவில்லை.

டீக்கடைக்காரர் வீட்டுப் பின்கட்டில் இடம் கொடுத்திருக்கிறார். இங்கேயும் இறால்தான், எனக்கென்ன. கூடை தூக்குகிறேன். சாயங்காலம் கொட்டகைக்குப் போய் அவர் பக்கத்தில் உட்கார்கிறேன். முதல் வாரம் அவர் பேசவில்லை. இரண்டாம் வாரம், மாமி எப்படி இருக்கிறார் என்று கேட்டார். லட்சுமியைப் பற்றி இன்னும் கேட்கவில்லை. பத்தொன்பதைப் பற்றிச் சொன்னேன், மேரி சொன்னதையும் சொன்னேன். தலையைக் குனிந்து கண்ணி போட்டுக்கொண்டே, "இடுப்புத் தண்ணியிலயா முழுவ வெச்சாங்க, அந்த அம்மா?" என்றார். தோள் குலுங்கியது. ஆறு மாதத்தில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று பக்கத்திலிருந்தவர் சொன்னார்.

மூன்றாம் பாகத்தைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். யாரையும் தேட வேண்டாம். ஓதன் நின்றுவிட்டான், சரி. நாலு பக்கமும் தண்ணீர், நடுவில் நிற்கிறான். எந்தத் திக்கில் போனாலும் கரைதான், ஆனால் அவன் காலை எடுத்து வைக்க மாட்டேன் என்கிறான். அவனை வீடு கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். இருபது அத்தியாயம் போதுமா என்று எனக்குத் தெரியவில்லை. நான் மூன்று வாரமாக முதல் அத்தியாயத்திலேயே இருக்கிறேன்.

இன்று காலை ஊன்றுகோலை ஊன்றிக்கொண்டு டீக்கடை வரைக்கும் வந்தார். நான் கூப்பிடவில்லை, அவராகத்தான் வந்தார். நாளைக்கு முடிந்தால் ஸ்டேஷன் வரைக்கும் நடத்திக் கூட்டிக்கொண்டு போய், மெட்ராஸ் மெயில் வந்து நிற்பதைக் காட்டலாம் என்றிருக்கிறேன். ஏறச் சொல்ல மாட்டேன்.

சாமுண்டி